சட்டைப்பையில் ஒரு சின்னக் கத்தி

வானொலி நேயர்களுக்கு என் வணக்கம்.

சட்டைப்பையில் கத்தி வைத்திருக்கிறேன் என்று ஒருவர் சொன்னால் நாம் கொஞ்சம் தள்ளித்தான் நிற்போம். நான் வைத்திருக்கிறேன். பயப்பட ஒன்றுமில்லை. விரல் நீளம் வராத மடக்குக் கத்தி, அதோடு சேர்ந்த ஒரு குட்டிக் கத்தரி, ஒரு ஸ்க்ரூடிரைவர், அவ்வளவுதான். தீயணைப்பு மீட்புப் பணித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வேலையில் இருந்தவரை கோடரி, கடப்பாரை, கார்க் கதவையே பிளக்கிற ஹைட்ராலிக் கருவி எல்லாம் வண்டியிலேயே வரும். இப்போது கையோடு வருவது இந்த ஒன்றுதான். இதற்கும் ஊருக்கு ஊர், கட்டடத்துக்குக் கட்டடம் தடை இருக்கிறது. அந்தத் தடைகளில் எது நியாயம், எது வெறும் பழக்கம், தடையை மீறாமலே அவசரத்துக்கு ஒரு வெட்டும் கருவியைக் கைக்கெட்டும் தூரத்தில் எப்படி வைத்துக்கொள்வது என்பதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

அவசரம் என்றதும் சினிமாவில் வருகிற அவசரத்தை நினைக்காதீர்கள். இரு சக்கர வண்டியில் பின்னால் உட்கார்ந்து போகும் பெண்ணின் துப்பட்டா சக்கரத்தில் சிக்குகிறதே, அது. நம் ஊர்ச் சாலைகளில் இதைப் பார்க்காதவர்கள் குறைவு. வண்டி ஓடுகிற வேகத்தில் துணி சுருண்டு கழுத்தை இறுக்கும். வண்டி நின்ற பிறகும் இறுக்கம் போகாது. சக்கரத்தைப் பின்னால் உருட்டினால் சில நேரம் தளரும். ஆனால் துணி செயினுக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவே போய் நைந்துவிட்டால் அசையவே அசையாது. சுற்றிலும் கூட்டம் சேரும். ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள். இழுக்க இழுக்க இன்னும் இறுகும். அந்தக் கூட்டத்தில் யாராவது ஒருவரிடம் வெட்டுகிற எதுவோ ஒன்று இருந்தால் சில நொடிகளில் வேலை முடியும். இல்லையென்றால் பக்கத்துப் பெட்டிக்கடைக்கு ஆள் ஓட வேண்டும். மூச்சு முட்டுகிறவருக்கு அந்த நேரம் ரொம்பப் பெரியது.

வெட்டுவதிலும் முறை இருக்கிறது. முதலில் எஞ்சினை அணைக்க வேண்டும். கழுத்தருகே கத்தியைக் கொண்டு போகவே கூடாது. முதுகுக்கும் சக்கரத்துக்கும் நடுவே துணி விறைத்து நிற்கும் இல்லையா, அங்கே வெட்ட வேண்டும். கத்தியின் வாய், அதாவது வெட்டுகிற ஓரம், உடம்பைப் பார்க்காமல் வெளிப்பக்கம் பார்த்திருக்க வேண்டும். விறைத்த துணி கத்தி பட்டதும் பிரிந்துவிடும். சொல்லப்போனால் இந்த விபத்து நடக்காமலிருக்கவே ஒரு விதி இருக்கிறது. 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆவது விதி, பின்னால் உட்காருபவரின் உடை சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் காப்பு வேண்டும் என்கிறது. நாம் சேலை கார்டு என்று சொல்வது அதைத்தான். வண்டியின் அழகு கெடுகிறது என்று அதைக் கழற்றி வீசுகிற இளைஞர்களிடம் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. வானொலியில் சொல்ல முடியாது.

அடுத்தது மாஞ்சா நூல். 2017ஆம் ஆண்டு ஜூலையில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் நைலான், செயற்கை இழை மாஞ்சாவை நாடு முழுக்கத் தடை செய்தது. தடை இருக்கிறது, நூலும் இருக்கிறது. சாலையின் குறுக்கே தொங்கும் நூல் வண்டியில் வருபவரின் கழுத்தில் பட்டால் என்ன ஆகும் என்று நான் விவரிக்கப் போவதில்லை. மரத்தில் சிக்கிய காகமோ கிளியோ கிடந்தால், அந்த நூலைக் கையால் பிய்க்கப் பார்க்காதீர்கள், விரல் அறுந்துவிடும். அதற்குச் சின்னக் கத்தரிதான் சரி.

அப்புறம் மாடு. கொட்டகை தீப்பிடித்தாலும் ஊருக்குள் வெள்ளம் வந்தாலும் மனிதர்கள் ஓடிவிடுவார்கள், கட்டிப்போட்ட மாடு நிற்கும். மிரண்ட மாடு கயிற்றை இழுத்து முடிச்சைக் கல்லாக்கி வைத்திருக்கும். நனைந்த நைலான் கயிற்றின் முடிச்சை இருட்டில் அவிழ்க்க யாராலும் முடியாது. அங்கே வெட்டத்தான் வேண்டும். கத்தியை முளைப் பக்கம் வைத்து, மாடு இழுக்கும் திசைக்குப் பக்கவாட்டில் நின்று வெட்ட வேண்டும். எதிரே நின்றால் கயிறு அறுந்த மறுகணம் மாடு உங்கள் மேல்தான் வரும். மாடு வைத்திருப்பவர்களிடம் நான் எப்போதும் சொல்வது, ஒரே இழுப்பில் அவிழ்கிற உருவு முடிச்சைப் போடுங்கள், கத்திக்கே வேலை வராது.

காரில் சீட் பெல்ட்டும் இப்படித்தான். வண்டி கவிழ்ந்து ஆள் தலைகீழாகத் தொங்கும்போது உடம்பின் எடை முழுதும் பெல்ட்டில் விழும். பக்கிளின் பொத்தானை எவ்வளவு அழுத்தினாலும் சில நேரம் விடாது. அறுக்கத்தான் வேண்டும். ஆனால் அறுப்பதற்கு முன் ஆளை ஒருவர் தாங்கிப் பிடித்திருக்க வேண்டும். அறுத்ததும் அவர் தலைகுப்புற விழுந்தால் பெல்ட் காப்பாற்றிய கழுத்தை நாம் முறித்ததாகிவிடும்.

இதெல்லாம் தினம் நடப்பதில்லை. தினம் நடப்பது மருந்து அட்டையைப் பிரிப்பது, பார்சலைத் திறப்பது, பேத்தியின் பென்சிலைச் சீவுவது, கொய்யாவை நாலாக நறுக்குவது. அந்தச் சின்ன வேலைகளுக்காகத்தான் கத்தி பையில் இருக்கிறது. இருப்பதால்தான் பெரிய வேலைக்கும் கை போகிறது.

நம் தாத்தாக்கள் காலத்தில் இதில் வியப்பே கிடையாது. வெற்றிலைப் பையில் பாக்குவெட்டி இருக்கும். பனையேறியின் இடுப்பில் பாளை சீவும் அரிவாள் இருக்கும். ஓலையில் எழுதிய காலத்தில் மடக்கெழுத்தாணி என்று ஒன்று இருந்தது. ஒரே கைப்பிடிக்குள் எழுதும் ஊசியும் ஓலையை நறுக்கும் கத்தியும் மடங்கி உட்காரும். அருங்காட்சியகங்களில் இன்றும் பார்க்கலாம். சுவிட்சர்லாந்தில் இபாக் என்கிற ஊரில் 1884இல் கார்ல் எல்சனர் பட்டறை போட்டு, 1891இல் தன் நாட்டு ராணுவத்துக்குச் சிப்பாய்க் கத்தி கொடுக்கத் தொடங்கினார். அந்தக் கத்தி எதிரியைக் குத்துவதற்காகச் செய்யப்பட்டதல்ல. சிப்பாய் தன் துப்பாக்கியைக் கழற்றிப் பூட்டவும் உணவு டப்பாவைத் திறக்கவும்தான் அதைக் கேட்டார்கள். ஒரு கத்தி, ஒரு ஸ்க்ரூடிரைவர், ஒரு டப்பாத் திறப்பான், தோலில் துளைபோட ஓர் ஊசி. இன்றைய விக்டோரினாக்ஸ் அங்கிருந்து வந்ததுதான்.

சரி, இவ்வளவு உபயோகமான பொருளுக்கு ஏன் தடை? தடை போடுகிறவர்களை முட்டாள்கள் என்று நான் சொல்ல மாட்டேன். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவரைச் சாதி வெறியில் உடன் படித்தவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதற்குப் பிறகு பள்ளி வாசலில் பையைத் திறந்து பார்க்கிறார்கள் என்றால் எந்த முகத்தோடு அதை எதிர்ப்பது? 2021 செப்டம்பரில் மாநிலம் முழுக்க ரவுடிகளைத் தேடி நடந்த வேட்டையை ஒட்டி, கத்தி, அரிவாள் விற்கும் கடைகளும் பட்டறைகளும் வாங்குபவரின் பெயர், முகவரியை எழுதி வைக்க வேண்டும், கேமரா பொருத்த வேண்டும் என்று காவல்துறை சொன்னது. திருப்பாச்சேத்தி மாதிரி அரிவாளுக்கே பேர் போன ஊரில் உலையில் நிற்கிறவருக்கு அது பெரிய தலைவலிதான். ஆனால் காவல்துறையின் கவலையும் பொய்யில்லை.

நம் சட்டத்தைப் பார்ப்போம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், வீட்டுக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே என்று செய்யப்பட்ட பொருள்களை ஆயுதக் கணக்கிலிருந்து விலக்கி வைக்கிறது. அதன் விதிகள் ஆயுதப் பட்டியலில் சேர்ப்பது 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ கொண்ட கத்திகளை. அதிலும் வீட்டு வேலை, விவசாயம், அறிவியல், தொழில் ஆகியவற்றுக்கானவை சேராது. ஆக, என் பையில் இருக்கிற குட்டிக் கத்திக்கு லைசென்ஸ் என்ற பேச்சே இல்லை. ஆனால் ஓர் இடத்தில் சரியானது இன்னோர் இடத்திலும் சரி என்று இருந்துவிட முடியாது. டெல்லியில் 1980இல் வந்த ஓர் அறிவிப்பு, பொத்தானை அழுத்தினால் திறந்துகொள்கிற பட்டன் கத்தி வகைகளுக்கு 7.62 சென்டிமீட்டர் நீளம், 1.72 சென்டிமீட்டர் அகலம் என்று ஓர் அளவு வைத்து இன்னும் இறுக்கியது. தேர்தல், கலவரம், திருவிழா என்று தடையுத்தரவு போட்டால், அதாவது முன்பு 144, இப்போது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 163ஆவது பிரிவு, அந்த நாட்களில் எதைக் கையில் வைத்திருக்கலாம் என்பதே மாறிவிடும். நீதிமன்றம், சட்டமன்றம், விமான நிலையம், மெட்ரோ ரயில், பெரிய கோயில்கள் என்று வாசலில் சோதனை உள்ள இடங்களில் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவதுதான் முறை. அங்கே காவலரிடம் வாதாடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அவர் சம்பளத்துக்கு விதியைக் காக்கிறார். விதியை மாற்றுகிற அதிகாரம் அவரிடம் இல்லை.

வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிறவர்கள் இதைக் கவனமாகக் கேளுங்கள். பிரிட்டனில் 1988ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, 3 அங்குலத்துக்குள் வாய் உள்ள மடக்குக் கத்தியைக் காரணம் எதுவும் சொல்லாமலே பொது இடத்தில் வைத்திருக்கலாம் என்கிறது. ஆனால் திறந்ததும் பூட்டிக்கொள்கிற கத்தி என்றால் அந்தச் சலுகை கிடையாது, 1993இல் நீதிமன்றம் அப்படித் தீர்த்துவிட்டது. இதில் எனக்கு ஒரு வருத்தம். பூட்டு இருந்தால்தான் கத்தி தானாக மடங்கி விரலைக் கடிக்காது. வைத்திருப்பவரின் விரலுக்கு எது பத்திரமோ அதைத்தான் அந்தச் சட்டம் கூடுதலாகச் சந்தேகப்படுகிறது. அளவுக்கு மேற்பட்டதோ பூட்டு உள்ளதோ வைத்திருந்தால் தகுந்த காரணம் காட்ட வேண்டும். தச்சர் வேலைக்குப் போகிறார், மீன் பிடிக்கப் போகிறார் என்றால் அது காரணம். 'எப்போதாவது உதவும்' என்பது காரணமாக நிற்பது கடினம். தற்காப்புக்கு என்று சொல்லிவிட்டாலோ கதையே முடிந்தது, அது ஆயுதம் என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

ஜப்பானில் இதைவிடத் தெளிவாகவே ஒரு வழக்கு நடந்தது. ஒசாகாவில் உணவகம் நடத்துகிற ஒருவரின் பையில் பல வேலைக் கத்தி ஒன்றைப் போலீஸ் பார்த்தது. வாய் ஏழு சென்டிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. அன்றாட வேலைக்கும், பேரிடர் வந்தால் உதவுவதற்கும் வைத்திருக்கிறேன் என்றார் அவர். நிலநடுக்கம் ஓயாத நாட்டில் அது கேலிக்குரிய பதில் இல்லை. ஆனாலும் 9,900 யென் அபராதம். 2023இல் ஒசாகா உயர் நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. எப்போது, எங்கே தேவைப்படும் என்று தெரியாத நோக்கம் நியாயமான காரணமாகாது என்கிற போக்குதான் அது.

எனக்கு இந்த இடத்தில்தான் சட்டத்தோடு சண்டை. எப்போது, எங்கே என்று தெரிந்துவிட்டால் அதற்குப் பெயர் வேலைத்திட்டம். தெரியாமல் வருவதைத்தான் அவசரம் என்கிறோம். காரணம் காட்டு என்று கேட்கிற விதி, அவசரத்துக்கு வைத்திருக்கிறவனை எப்போதும் பொய்யனாக்கும். அதைவிட அங்குலக் கணக்கு எவ்வளவோ நல்லது. இத்தனை சென்டிமீட்டர் வரை கேள்வி கிடையாது, அதற்கு மேல் உண்டு என்றால் எனக்கும் தெரியும், காவலருக்கும் தெரியும். முகத்தையும் உடுப்பையும் பார்த்து, இவன் நல்லவன், இவன் கெட்டவன் என்று அவர் தீர்ப்பளிக்க வேண்டியதில்லை. கைலி கட்டியவன் பையில் இருந்தால் ஆயுதம், கோட்டு போட்டவன் பையில் இருந்தால் சுவிஸ் கத்தி என்கிற கொடுமை அங்குலக் கணக்கில் குறையும்.

விமானத்தில் இந்த அங்குலக் கணக்கு பட்ட பாடு தனிக் கதை. 2001 செப்டம்பர் 11 வரை அமெரிக்க விமானங்களில் 4 அங்குலத்துக்குக் குறைவான கத்தியைக் கையோடு கொண்டு போகலாம். அன்றைக்குப் பிறகு எல்லாம் போச்சு. விக்டோரினாக்ஸ் நிறுவனத்தின் கத்தி விற்பனை சடசடவென்று சரிந்தது. விமான நிலையக் கடைகளில் பரிசுப் பொருளாக விற்று வந்ததல்லவா? அந்த நெருக்கடியில் அவர்கள் ஆட்களை வேலையை விட்டு அனுப்பாமல், பக்கத்து நிறுவனங்களுக்குக் கொஞ்ச காலம் கடனாக அனுப்பி வைத்தார்கள் என்பது நான் மதிக்கிற விஷயம். 2005 டிசம்பரில் அமெரிக்கா சின்னக் கத்தரிகளையும் 7 அங்குலத்துக்குள் உள்ள கைக்கருவிகளையும் திரும்ப அனுமதித்தது. 2013 மார்ச்சில் ஆறு சென்டிமீட்டர் கத்தியையும் விடலாம் என்று அறிவித்தார்கள். விமானப் பணியாளர்கள் கொதித்தெழுந்தார்கள். விமானியின் அறைக் கதவு இப்போது பலமாக இருக்கிறது என்பது சரி, கதவுக்கு இந்தப் பக்கம் நிற்பது நாங்கள்தானே என்று கேட்டார்கள். பதில் சொல்ல முடியவில்லை. ஜூனில் திட்டத்தைக் கைவிட்டார்கள். ஐரோப்பாவில் ஆறு சென்டிமீட்டர் வரை விதி இடம் கொடுக்கிறது. கனடாவில் 2017 கடைசியிலிருந்து உண்டு, அமெரிக்கா போகும் விமானம் தவிர. நம் நாட்டில் கைப்பையில் கத்தி கிடையவே கிடையாது. சீக்கியர்களின் கிர்பானுக்கு மட்டும் உள்நாட்டு விமானங்களில் விலக்கு. அதற்கும் வாய் 6 அங்குலம், மொத்தம் 9 அங்குலம் என்று அளவு. நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். வீட்டிலிருந்து கிளம்பும்போதே கத்தியைச் செக்-இன் பெட்டியில் போட்டுவிடுங்கள். பாரிஸில் விட்டார்களே என்று சென்னையில் எடுத்துக்கொண்டு போனால், சோதனை மேசையிலேயே அதை விட்டுவிட்டுத்தான் வர வேண்டும். அமெரிக்காவில் இப்படிப் பயணிகள் விட்டுப்போன கத்திகளைச் சில மாநில அரசுகள் மொத்தமாக ஏலம் விடுகின்றன. யாரோ ஒரு தாத்தா பேரனுக்குக் கொடுத்த கத்தி கிலோக் கணக்கில் போகும்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். இதுவரை நான் சொன்ன துப்பட்டா, மாஞ்சா, மாட்டுக் கயிறு, சீட் பெல்ட் எல்லாவற்றையும் திரும்ப யோசித்துப் பாருங்கள். எதிலாவது கத்தியின் கூர்முனைக்கு வேலை இருந்ததா? கிடையாது. வேலை முழுக்க வாய்க்குத்தான். அறுக்கிறது வாய், குத்துகிறது முனை. மக்களைப் பயமுறுத்துகிறதும் சட்டத்தை உசுப்பிவிடுகிறதும் முனைதான். நமக்குத் தேவைப்படாத பகுதிக்காகத் தேவைப்படுகிற பகுதியையும் சேர்த்துப் பிடுங்கிக்கொள்கிறார்கள்.

இது நானாகக் கண்டுபிடித்ததில்லை. பாய்மரக் கப்பல் காலத்து மாலுமிகளின் கத்தி முனை மழுங்கியே இருக்கும். ஆடுகிற கப்பலில் கால் தவறினால் பக்கத்தில் நிற்பவன் மேல் பாயக்கூடாது, ஆத்திரம் வந்தாலும் பாயக்கூடாது. கயிறு அறுக்க வாய் போதும். பிரான்ஸில் பதினான்காம் லூயி மன்னர் 1669இலேயே கூர்முனைக் கத்திகளுக்குத் தடை போட்டார். சாப்பாட்டு மேசைக் கத்தியின் முனை வட்டமாகிப் போன கதையில் அவருக்கும் பங்கு உண்டு. 2005இல் லண்டனில் அவசர சிகிச்சை மருத்துவர்கள் மூன்று பேர் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். குத்துப்பட்டு வருகிறவர்களைத் தைத்துத் தைத்து அலுத்துப்போனவர்கள். நீளமான சமையல் கத்திக்கு முனை எதற்கு என்று பெரிய பெரிய சமையல்காரர்களையே கேட்டார்கள். இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் சமைக்கலாம் என்கிற மாதிரிதான் பதில் வந்தது. நம் பாட்டிகளின் அரிவாள்மனையைப் பாருங்கள். அவ்வளவு கூரான வாய், ஆனால் பலகையில் பூட்டி உட்கார்ந்திருக்கும். காய்தான் அதனிடம் போக வேண்டும்.

ஆகையால் புதிதாக வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது மழுங்கிய முனைக் கருவி. அதிலும் முதல் இடம் மீட்புக் கத்தரிக்கு. ஆம்புலன்ஸ் ஊழியர்களிடம் பார்த்திருப்பீர்கள், வளைந்த கழுத்து, கீழ் உதட்டில் சின்ன உருண்டை. காயம்பட்டவரின் பேண்ட்டை இடுப்பு வரை வெட்டிக்கொண்டே போகலாம், தோலில் கீறல் விழாது. மருத்துவப் பொருள் கடைகளில் கிடைக்கும், விலையும் கம்மி. காரில் இருக்க வேண்டியது சீட் பெல்ட் கட்டர். அதன் பிளேடு பிளாஸ்டிக் பள்ளத்துக்குள் ஒளிந்திருக்கும், குத்தவே முடியாது. அதை டேஷ்போர்டுப் பெட்டியில் பத்திரமாகப் பூட்டி வைக்காதீர்கள். ஓட்டுகிறவர் பெல்ட் போட்ட நிலையிலேயே கை எட்ட வேண்டும். மடக்குக் கத்திதான் வேண்டும் என்றால் சின்னது, முனை மழுங்கியது. வாயில் கொஞ்சம் பல் இருந்தால் நைலான் கயிற்றுக்கு நல்லது. கடலோர ஊர்க்காரர்கள் துருப்பிடிக்காத எஃகாகப் பார்த்து வாங்குங்கள்.

வைத்திருந்தால் கூராக வைத்திருங்கள். மொட்டைக் கத்திதான் கையை அறுக்கும், ஏனென்றால் அதை அழுத்த வேண்டியிருக்கிறது, அழுத்தினால் வழுக்குகிறது. சாணைக்கல் இல்லாவிட்டால் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் பளபளப்பு இல்லாமல் சொரசொரப்பாக ஒரு வளையம் இருக்கும். அதில் சாய்த்துப் பத்துத் தடவை இழுத்தால் போதும். எலுமிச்சை, மாங்காய் நறுக்கினால் உடனே துடைத்துவிடுங்கள். நம் வீடுகளில் கத்தியைக் கையில் கொடுக்க மாட்டார்கள், கீழே வைத்துத்தான் எடுக்கச் சொல்வார்கள், கையில் கொடுத்தால் சண்டை வருமாம். சண்டை வருமோ என்னவோ, ரத்தம் வராது. அந்தப் பழக்கத்தை விடாதீர்கள்.

கத்தியைப் பையிலேயே விட்டுவிட வேண்டிய அவசரங்களும் உண்டு. இதைச் சொல்லாமல் போனால் நான் சொன்ன மற்றதெல்லாம் ஆபத்தாகிவிடும். பாம்பு கடித்தால் கடிவாயைக் கீறாதீர்கள். கீறி, உறிஞ்சி, கயிறு கட்டி, இந்த மூன்றும் உயிரைக் காப்பாற்றாது. ரத்தப்போக்கையும் புண்ணையும்தான் கூட்டும். கண்ணாடி விரியன் விஷம் ரத்தம் உறையும் தன்மையையே கெடுப்பது. அங்கே போய்க் கீறினால் ரத்தம் எப்படி நிற்கும்? கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து, 108ஐக் கூப்பிட்டு, விஷமுறிவு மருந்து இருக்கிற அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். பேருந்திலோ ஆட்டோவிலோ பிரசவமாகிவிட்டால் தொப்புள்கொடியை உங்கள் கத்தியால் வெட்டாதீர்கள். குழந்தையைத் துடைத்துத் தாயின் மார்பில் போட்டுத் துணியால் மூடுங்கள். கொடி இருந்துவிட்டுப் போகட்டும், ஆம்புலன்ஸ்காரர்கள் சுத்தமான கருவியோடு வருவார்கள். உடம்பில் கம்பியோ கண்ணாடியோ குத்தி நின்றால் தோண்டி எடுக்கக் கூடாது, அப்படியே அசையாமல் கட்டி அனுப்ப வேண்டும். மின்கம்பி அறுந்து கிடந்தால் எந்த உலோகத்தோடும் கிட்டே போகக் கூடாது. விரலில் மோதிரம் வீங்கி மாட்டிக்கொண்டால்கூடக் கத்தி வேண்டாம். நூலை விரலில் நெருக்கிச் சுற்றி, மோதிரத்துக்கு அடியில் ஒரு முனையைக் கோத்துப் பிரித்துக்கொண்டே வந்தால் பெரும்பாலும் கழன்று வரும்.

பெண் பிள்ளைகளுக்குப் பாதுகாப்புக்குக் கத்தி கொடுத்தனுப்பலாமா என்று பெற்றோர் கேட்கிறார்கள். அவர்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் சின்ன மடக்குக் கத்திக்குக் கைக்காப்பு கிடையாது. ஆவேசமாகக் குத்தினால் சொந்தக் கைதான் வழுக்கி வாய் மேல் போகும், பூட்டு இல்லாவிட்டால் விரல் மேலேயே மடங்கும். எதிராளி பலசாலியாக இருந்தால் அது அடுத்த நொடி அவன் கையில் இருக்கும். கத்தக் கற்றுக்கொடுங்கள், ஓடக் கற்றுக்கொடுங்கள், போனில் 112ஐ ஒரே தட்டலில் அழைக்கிற மாதிரி வைத்துக் கொடுங்கள். துப்பட்டாவை வெட்ட ஒரு கத்தரி பையில் இருக்கட்டும், அது வேறு.

கடைசியாக, தடை போடுகிறவர்களிடம் ஒரு வார்த்தை. டெல்லி மெட்ரோவில் 2019 கடைசியில், எலக்ட்ரீஷியன், பிளம்பர் மாதிரி கைத்தொழில் செய்கிறவர்கள் 7 அங்குலத்துக்குள் உள்ள கருவிகளைக் கொண்டு போகலாம் என்று தளர்த்தினார்கள். அவன் சோறு அந்தப் பையில் இருக்கிறது என்று யாரோ ஒருவர் யோசித்திருக்கிறார். அதே யோசனை அவசரத்துக்கும் வேண்டும். வாசலில் ஆயிரம் பேரின் பையிலிருந்து வெட்டும் கருவியை எடுத்துவிட்டால், உள்ளே அந்த ஆயிரம் பேருக்கும் சேர்த்து ஒன்றை நீங்கள் வைத்திருக்க வேண்டும். நடைமேடைக்கு ஒன்று, பள்ளி வேனுக்கு ஒன்று, கோயில் மண்டபத்துக்கு ஒன்று. மழுங்கிய முனைக் கத்தரி, கண்ணில் படுகிற இடத்தில், தீயணைக்கும் சிலிண்டருக்குப் பக்கத்தில்.

தொழிற்சாலைகளுக்கு இது புதிதில்லை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் 45ஆவது பிரிவில் 150 தொழிலாளிக்கு ஒன்று என்று முதலுதவிப் பெட்டி கேட்டது. அந்தப் பெட்டியில் இருக்க வேண்டிய பொருள்களின் பட்டியலில் கத்தரியும் இருந்தது. ஆய்வுக்குப் போகும்போதெல்லாம் நான் பெட்டியைத் திறக்கச் சொல்வேன். பெட்டி பூட்டியிருக்கும். சாவி எங்கே என்றால் மேனேஜரிடம் என்பார்கள். மேனேஜர் எங்கே என்றால் லீவு என்பார்கள். உங்கள் ஆலையிலோ அலுவலகத்திலோ பிள்ளைகளின் பள்ளியிலோ அந்தப் பெட்டி எங்கே இருக்கிறது, சாவி யாரிடம் இருக்கிறது, உள்ளே கத்தரி இருக்கிறதா என்று நாளைக்குப் போனதும் கேளுங்கள்.

நன்றி, வணக்கம்.